திரைச்சீலைக்காக எழுதிய வரலாறு

காடு வெட்டி உண்டான எங்கள் குடியேற்றத்து இளம் விவசாயிகள் சங்கத்துக்கு அரசாங்கம் அதுவரை தந்ததெல்லாம் விதைநெல்லும் மண்வெட்டியும்தான். அந்த வருஷம் கலைக்கும் வரலாற்றுக்கும்கூட உதவி உண்டு என்று விவசாயப் போதனாசிரியர் வந்து சொன்னார். எனக்கு உடனே திரைச்சீலைதான் நினைவில் வந்தது. சங்கத்துச் செயலாளர் நான். நாடகத்தில் ராசாவும் நான்தான். முதல் நாடகத்துக்கு அம்மாவின் கலியாணக் கூறைச் சீலையைத் திரையாகக் கட்டி, ஆணியில் கிழித்து வைத்திருந்தேன். "இனி அலுமாரிப் பக்கம் வந்தியெண்டா காலை முறிப்பன்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

உதவி கிடைக்க ஒரு நிபந்தனை: ஊர் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அதென்ன பெரிய வேலை! கொப்பியோடு வீடு வீடாகப் போனேன். அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் பிறந்த ஊர்க் கோயில் தேரைப் பற்றியே ஒரு மணித்தியாலம் சொன்னார். "தேரை வடிவா எழுது" என்று இரண்டு தரம் சொன்னார்.

போதனாசிரியர் கொப்பியைக் கடைசித் தாள் வரை புரட்டினார்.

"தம்பி, இதெல்லாம் யாழ்ப்பாணத்து ஊருகள். இந்த இடம் எங்கை?"

"இது குடியேற்றம்தானே ஐயா. வந்து பத்து வருஷம். இதுக்கென்ன வரலாறு?"

"அப்ப திரைச்சீலையையும் அங்கையே போய்க் கேளுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனுஷன் சொன்னதில் பிழையில்லை. பொங்கலுக்கும் தேருக்கும் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்கு, "ஊருக்குப் போறம்" என்று புறப்படுகிறவர்கள்தானே நாங்கள்.

மறுபடி அப்பாவிடம் போய், இங்கே வந்த கதையைக் கேட்டேன்.

"உதை ஆர் வாசிக்கிறது? விசரே உனக்கு?" என்றார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். லொறி காட்டோரம் இறக்கிவிட்டுப் போனது. அன்று உப்பில்லாமல் கஞ்சி குடித்தது. முன்பின் தெரியாத பக்கத்துக் காணிக்காரர் சிரட்டையில் உப்புக் கொண்டுவந்தது. முதல் வயலுக்குள் யானை இறங்கியபோது தகரம் தட்டி விரட்டியது.

"ஆர் விரட்டினது?" குசினிக்குள்ளிருந்து அம்மா சிரித்தார். "யானையைக் கண்டதும் என்னையும் விட்டிட்டு ஓடினவர் உவர்!"

அதையும் எழுதினேன். வெட்டச் சொல்லி அப்பா குதித்தார். நான் வெட்டவில்லை.

சிவப்புத் திரைச்சீலை வந்து சேர்ந்தது. அடடா, என்ன அழகு! ஆனால் போதனாசிரியர் நாடகத்துக்குக் குறித்த நாளில்தான் அப்பாவின் கோயில் தேர். ஒரு தேரும் தவறவிடாதவர் அவர். "சாமியை விட்டிட்டு உன்ரை கூத்தைப் பாக்கவோ?" என்று கேட்டுவிட்டு, முதல் நாளே அம்மாவுடன் ரயிலேறிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத திரைச்சீலை எனக்கு எதற்கு?

அடுத்த நாள் பின்னேரம் திரை விலகியது. முன்வரிசை வாங்கில், நெற்றியில் திருநீறும் வேட்டியில் புழுதியுமாக அப்பா இருந்தார். ராசாவுக்கு வசனம் மறந்துபோயிற்று.

நாடகம் முடிந்ததும் முடியைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினேன். "தேர் பாக்கேல்லையே?"

"தேர் பாதி வீதி வரேக்கையே இஞ்சை வெளிக்கிட்டாச்சு. உன்ரை பெரியப்பா கையைப் பிடிச்சு மறிச்சவர். அதுக்கு உவர் சொல்லுறார், 'விடுங்கோ அண்ணை, இண்டைக்கு எங்கடை ஊரிலை நாடகம்' எண்டு."