முதல் வரிசையில் ஒரு கை

என் மாப்பிள்ளை டொரொண்டோவில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் இந்த வாசிப்புக்கே போயிருக்கிறது. சரியாகப் பாதி.

கனடாவில் இசைக்காரர்களின் பிழைப்பு எப்படி என்று என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு ஊரில் வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குப் பனியில் எட்டு மணி நேரம் வேன் ஓட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தால், ஏதோ ஒரு பாரின் மூலையில் இவர்கள் வாசிக்க, ஐம்பது பேர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். மற்ற நாட்களில் மாப்பிள்ளை வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதுவும் இல்லாத மாதங்களில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குவார். பெண் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை பேர் வந்தார்கள்? நிரந்தரமாக ஏதாவது வேலை பார்க்கிறாரா?

"முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேம்பா" என்பாள்.

இந்த வருடம் அவள் குரலே வேறாக இருந்தது. வரும் கோடையில் கனடாவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை பெரிய விழாக்களில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். "இதுக்காகத்தாம்பா இத்தனை வருஷம் இழுத்துக்கிட்டு வந்தோம். இனிமே கிடங்கு வேண்டாம்" என்றாள். அதற்கு முன் இந்தியாவில் ஒரு சிறு சுற்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே திருச்சியில் ஒரு மாலை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் மூன்று நாள் முன்னதாக ஸ்ரீரங்கத்துக்கு வந்து என்னோடு தங்கினார்.

அந்த மூன்று நாளும் எனக்கு எரிச்சலாகவே கழிந்தது. சமையலறையிலிருந்து காப்பிக்குக் கூப்பிட்டால் பதில் இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரே நின்றால்தான், "ஓம் மாமா" என்று சிரிப்பார். சித்திரை வீதியில் பின்னால் ஆட்டோ ஒலித்துக்கொண்டே வர, இவர் நடு வீதியில் நடந்தார். ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "என்ன சார், வீதியவே குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?" என்றார். மாப்பிள்ளை அதற்கும் ஏதோ குசலம் விசாரித்தது போலக் கையசைத்தார். கலைஞர்களுக்கு உள்ள மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிப்பு தில்லைநகர்ப் பக்கம் ஒரு சிறிய ஹாலில். நான் எண்ணியபோது நாற்பத்தொரு பேர். இரண்டு மின்விசிறி ஓடவில்லை. மேடையில் ஒரே ஒரு பிளக்தான் வேலை செய்தது. அது பின் சுவரோரம் இருந்ததால் பாஸ் கிட்டார் வாசிக்கும் பையனை டிரம்ஸுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். வயர் எட்டவில்லை. அப்போது அவர் முகம் போன போக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடுகிற பெண் தொடங்கினாள். முதல் மூன்று பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. நான்காவது ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வந்தது. மூன்றும் நாலும், நம் மிஸ்ரசாப்பு. ஏழு என்று தெரிந்ததும் கை தன்னால் தொடையில் விழுந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடாமல் கேட்க எனக்குத் தெரியாது. நிமிர்ந்தால் மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் ரசிக்கிறார் என்று சந்தோஷப்படுகிறார் போலும் என்று இன்னும் சற்று உயர்த்தியே போட்டேன். நீளமான பாட்டு. கை வலித்தது. அதை விட, என் வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.

கழிப்பறைக் கதவருகே நின்றே கேட்டேன், டிரம்ஸ் ஒரு எண்ணிக்கை பின்னால் விழுந்தது. அடுத்த சுற்றில் இரண்டு. பாட்டு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். அவசரமாகத் திரும்பி வந்தேன். பாடகி திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலியான என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஏழின் தொடக்கத்தில் கையைத் தட்டினேன். அடுத்த தட்டில் டிரம்ஸ் வந்து சேர்ந்துகொண்டது.

காப்பி, ஆட்டோ எல்லாம் அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு முடியும் வரை நான் கையை நிறுத்தவில்லை. பாட்டு என்ன ஆயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எல்லோரும் போனபின், டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"எத்தனை நாளா காது கேக்கலை?"

அவர் என் உதட்டைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா மாமா. பாஸ் வாசிக்கிறவன்ர விரலைப் பார்த்துத்தான் அடிக்கிறனான். இண்டைக்கு அவன் பின்னால போயிட்டான்."

"என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. இந்தக் கோடை மட்டும் முடியட்டும்."

இந்த மனிதர் இதை விட்டொழிக்க மாட்டாரா என்று நான் பல வருடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொல்லும் ஆசை துளியும் இல்லாமல், முட்டி வலியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை. நீங்கதான் சொல்லணும். அங்க முதல் வரிசையில நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்."

அவர் குனிந்து ஒரு ஸ்டாண்டை மடக்கினார். கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன்.

"கேட்டது மாமா" என்றார்.

மறுநாள் காலை பெங்களூர் வேன் வருவதற்கு முன் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "எப்படிப்பா வாசிச்சார்? எத்தனை பேர்?" என்றாள். நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளை முன்னால் மேஜையில் வைத்தேன். அடுக்களைக்குப் போக எழுந்தேன். இருங்கோ என்று கையால் காட்டினார்.

சொன்னார். இரண்டு வருடம், விரல், என் கை, எல்லாவற்றையும் அவளை இடையில் பேசவே விடாமல் ஒரே மூச்சில் சொன்னார். கோடைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். பிறகு போனைக் காதருகே கொண்டுபோய், "கேக்குதா? இருக்கிறியா?" என்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைன் போயிட்டுது போல, மாமா."

போகவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எதிரே போய், உதடு தெரியும்படி நின்றேன்.

"இருக்கா, மாப்பிள்ளை. அழறா."