லேபிள் பேக்கேஜுக்குள் புகுந்தவன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாமே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவை. வேண்டிய மென்பொருள்களில் பெரும்பாலானவை இணையத்தில் லினக்ஸுக்கென்றே உள்ள கிடங்கிலிருந்து வந்துவிடும். எங்கள் லேபிள் பிரிண்டரை இயக்கும் மென்பொருள் பேக்கேஜ் மட்டும் அங்கே கிடையாது. யாரோ ஒருவர் தனியாக நடத்திய கிடங்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியிருந்த ஆங்கிலக் குறிப்புகள் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். ஏதோ ஒரு ஜெர்மன்காரர் என்றே நினைத்து வைத்திருந்தேன்.

புரட்டாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அந்தப் பேக்கேஜுக்கு அப்டேட் வந்திருந்தது. கூடவே என்னென்ன வருகிறது என்று பார்த்தேன். கீபோர்டில் தட்டுவதைப் படிக்கும் இன்னொரு பேக்கேஜும் வேண்டும் என்று கேட்டது. லேபிள் அச்சடிக்க அது எதற்கு? அப்டேட்டைப் போடாமல், இறக்கி மட்டும் பிரித்துப் பார்த்தேன். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்புகிற சின்ன நிரல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

முதல் வேலையாக எல்லா கம்ப்யூட்டர்களிலிருந்தும் அந்தக் கிடங்கின் தொடர்பைத் துண்டித்தேன். பேக்கேஜின் பொறுப்பாளர் பெயர் இருக்குமிடத்தில் புதுப் பெயர் ஒன்று இருந்தது. பழைய பதிப்பைத் தேடி முந்தைய பொறுப்பாளரின் மின்னஞ்சலைப் பிடித்து, கண்டதை எழுதி, என் போன் எண்ணும் கொடுத்தேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது.

"ஏம்மா, மெயில்ல ராஜபாளையம்னு போட்டிருக்கியே. நம்ம ராஜபாளையமா?"

"ஆமா சார். நீங்க?"

"நான் ஸ்ரீவில்லிபுத்தூரும்மா. அந்தப் பேக்கேஜை செஞ்சது நான்தான்."

இத்தனை காலம் கடல் தாண்டி இருப்பதாக நினைத்தவர் பக்கத்து ஊரில் இருக்கிறார்! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகும் சனிக்கிழமைக் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

பட்டாளத்தில் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கட்டிலில் அவர் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் லேப்டாப்பைத் திறந்து அந்த நிரலைக் காட்டினேன். அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"இதை யார் சார் போட்டது?"

"ஒருத்தன் மெயில் போட்டுப் பழகினாம்மா. எம்புட்டு மரியாதை! சின்னச் சின்னத் தப்பையெல்லாம் திருத்திக் குடுப்பான். பொறவு இவளுக்கு மதுரையில ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தேன். 'நீங்க அம்மாவைக் கவனிங்க, இதை நான் பாத்துக்கிடுறேன்'னு எழுதினான். நம்பிக் குடுத்துட்டேன்."

கட்டிலிலிருந்து அந்த அம்மா கேட்டார். "எனக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சு விசாரிச்சு எழுதுவானே, அவனா?"

பட்டாளத்துக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தன் கணக்கு வழியாகக் கிடங்குக்குள் நுழையப் பார்த்தார். முடியவில்லை. அவரையே பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தான். "நான் கட்டின வீட்டுக்குள்ள என்னையவே விட மாட்டேங்கான்," என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கிடங்கு இருக்கும் இணையதளத்தை நடத்துபவர்களுக்கு ஒரு புகார். பேக்கேஜைப் பயன்படுத்துபவர்கள் கூடிப் பேசும் மின்னஞ்சல் குழுவுக்கு ஓர் எச்சரிக்கை.

பொழுது சாயுமுன் தளத்தார் அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். எச்சரிக்கைக்குப் பதில்களும் வந்தன. நன்றி, இன்னும் போடவில்லை என்றுதான் பலரும் எழுதியிருந்தார்கள். எந்த நாடென்றே தெரியாத ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து மட்டும், வந்த அன்றைக்கே போட்டுவிட்டோம், இப்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரிம்மா," என்றார். "ஆஸ்பத்திரியில எதுக்கு இதை வச்சிருக்காக?"

"ரத்தக் குப்பிக்கு லேபிள் ஒட்டுவாங்க சார்," என்றேன்.

"உக்காந்துட்டா ஆச்சா? உள்ளதை எழுதுங்க," என்றார் அவர் மனைவி.

எழுதினோம். பேக்கேஜை நீக்குவது எப்படி, மாற்ற வேண்டிய கடவுச்சொற்கள் எவை, யார் கையால் இது நடந்தது, எல்லாவற்றையும். செய்துவிட்டோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குமுன் அங்கிருந்து என்ன போயிற்று என்று அவர்களும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் துணிவில்லை.

அடுத்த வாரம் அவர் சுத்தமான பேக்கேஜைப் புதுக் கிடங்கில் ஏற்றினார். இனி இரண்டு பேர் சரிபார்த்தால்தான் எதுவும் வெளியே போகும் என்று ஏற்பாடு. அந்த இரண்டாவது ஆள் நான்.

அந்தப் புதுப் பெயரை எங்கெங்கோ தேடிப் பார்த்தோம். அப்படி ஒரு மனிதன் இருப்பதற்கான தடயமே எங்கும் இல்லை.