இவரு சொல்ல மாட்டாரு டாக்டர்!

போன மாதம் ஒரு காலை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். வாஷ்பேசின் சிவந்தது.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். வாஷ்பேசின் வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை... எதையும் மறைக்காது. இருந்தாலும் முதலில் பற்பசையைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாக வாங்கியது, சிவப்புக் கலர் ஜெல். வெறும் தண்ணீரால் மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் சிவப்பு.

ஈறிலிருந்து ரத்தம். வலி இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். தாடை ஓரத்தில் சலூன்கார செல்வராசு வழக்கம்போல் அரைகுறையாய் விட்டிருந்த நரைமுடி. அதற்கு மேலே சிவந்த வாய். முழங்கைக்குக் கீழே, முந்தின நாள் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு வந்த இடத்தில், கருநீலமாக ஒரு பட்டை.

“தன...” என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். தனம் என் மனைவி. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பையன் மஸ்கட்டில். வீட்டில் நானும் என் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வும்தான்.

வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொண்டால் ஆள் காலி. அதனால் ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கத் தினமும் சாயங்காலம் ஒரு குட்டி மாத்திரை. ஆயுளுக்கும்! மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வு அடைக்கும். கூடினால் எங்கிருந்தாவது ரத்தம் கசியும். வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் வருகிற எண் எனக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றுகொண்டுதான் இருந்தது.

இந்த வால்வு ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். தனம் இருந்தவரை எனக்கு அது கேட்டதே இல்லை. அவள் பேச்சு, மிக்ஸி, டி.வி. சீரியல்... இதற்கெல்லாம் நடுவில் எங்கே கேட்பது? இப்போது கரன்ட் போன மத்தியானங்களில் நன்றாகவே கேட்கிறது. ஃபேனும் நின்றுவிட்டால் வீட்டில் வேறு சத்தமே கிடையாது.

சரி, ஒழுங்காக இருந்த ரத்தம் ஏன் இப்படி வர ஆரம்பித்தது?

அதற்கு முந்தின வாரம் தொழிற்பேட்டைப் பக்கம் வாக்கிங் போனேன். பீங்கான் யூனிட்டுகளில் உடைந்ததையெல்லாம் கொட்டி மண் ரோட்டை மேடாக்கியிருப்பார்கள். ஒரு சில்லு ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. பிடுங்கிப் பார்த்தால், மெயின் போர்டில் செருகும் பீங்கான் ஃப்யூஸ் கேரியரின் துண்டு! ஊர் ஊராகப் போய் எலக்ட்ரிக் கடைகளுக்கு ஃப்யூஸ் கேரியர் விற்றுத்தான் நான் ரிட்டையர் ஆனேன். சோறு போட்ட சாமான், காலிலும் ஏறிவிட்டது.

இரண்டு மூன்று நாளில் கால் வீங்கியது. காய்ச்சல் வந்தது. எங்கள் பழைய டாக்டர் வயதாகி, மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு கிளினிக்... தனம் போன பிறகு திறந்தது. சேலத்துப் பக்கமிருந்து வந்த இளம் டாக்டர். அங்கே போனேன்.

புண்ணைப் பார்த்தார். “சுகர் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“பிரஷரு?”

“அதுவும் இல்லீங்க.”

“வேற எதுக்காச்சும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. இடது பக்கம் திரும்பினேன்.

இடது பக்கம் ஒரு நாற்காலி. அதில் என் குடை இருந்தது.

இத்தனை வருஷமாக எந்த டாக்டரிடம் போனாலும் எனக்கு இடது பக்கத்தில் தனம் உட்கார்ந்திருப்பாள். பல் டாக்டர், கண் டாக்டர் யாராக இருந்தாலும் சரி. இந்தக் கேள்வி வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பிப்பாள். “இவரு சொல்ல மாட்டாரு டாக்டர், நான் சொல்றேன். நெஞ்சுல வால்வு வச்சிருக்குது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறாரு. வேற மாத்திரை எழுதுனா பாத்து எழுதுங்க. ஊசி போட்டாலும் பாத்துப் போடுங்க.” எல்லாம் ஒரே மூச்சில்! நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். வெளியே வந்ததும், “ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?” என்று எரிந்து விழுவேன்.

அன்றைக்கும் அந்தக் குரலுக்காகத்தான் இடைவெளி விட்டேன். என் மௌனத்தை டாக்டர் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வெளியே அவ்வளவு கூட்டம். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். கிளினிக்கை ஒட்டியிருந்த கடையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறதி என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. அன்று சாயங்காலம் குட்டி மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விழுங்கினேன். மாத்திரை சாப்பிடுவது என் வேலை. அது எனக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

ஆன்டிபயாடிக் வாயைக் கெடுத்துவிட்டது. சாப்பாடு பிடிக்கவில்லை. பிரெட், ரசம், அதுவும் அரை வயிற்றுக்கு. அதற்குப் பிறகுதான் அந்தக் காலையும் வாஷ்பேசினும்.

துண்டை வாயில் அழுத்திக்கொண்டு ஆட்டோ பிடித்து அதே கிளினிக்குக்குப் போனேன். இந்த முறை இடது பக்கம் பார்க்கவில்லை. வால்வு, குட்டி மாத்திரை, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்ன சார் நீங்க! இதை அன்னைக்கே ஏன் சொல்லல? நான் கேட்டேனே?”

“சொல்ற ஆளு போயிட்டாங்க டாக்டர்.”

அவர் கோபத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். எண் ஏழைத் தாண்டியிருந்தது. பாண்டிச்சேரி டாக்டரிடம் போனில் கலந்து பேசினார்.

“இந்த ஆன்டிபயாடிக் உங்க மாத்திரையோட வேகத்தைக் கூட்டிடுச்சு சார். நீங்க வேற சரியா சாப்பிடல. ஈறுல வந்ததோட போச்சு. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா?”

“அப்ப குட்டி மாத்திரையை விட்டுடவா?”

“நாங்க சொல்ற வரைக்கும்தான் நிறுத்தணும். நீங்களா நிறுத்துனா வால்வு அடைச்சுக்கும். ஆன்டிபயாடிக்கும் வேணும். கால்ல இருக்கிற கிருமி வால்வுல போய் உக்காந்துட்டா அது பெரிய வம்பு.”

மூன்று பக்கமும் வம்பு! ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். குட்டி மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். ரத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர ஏதோ ஒரு மருந்தைத் துளியூண்டு கொடுத்து, கிளினிக்கிலேயே ஒரு படுக்கையில் சேர்த்தார்கள்.

“கூட யாருங்க?” என்றது நர்ஸ் பெண்.

“யாரும் இல்லம்மா.”

“டீ கீ வாங்கியாறதுக்குக்கூட ஆளு இல்லீங்களா?”

“இல்லம்மா.”

ஷிப்டு மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவர் இதையே கேட்பார். நானும் இதையே சொல்வேன். படுக்கைக்குப் பக்கத்தில் கூட இருப்பவர்கள் படுக்க ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் என் குடையும் பையும் படுத்திருந்தன. பையன் போன் செய்தான். “எப்பிடிப்பா இருக்கீங்க?” “நல்லா இருக்கேன்டா.” பாருங்கள்... இவர் சொல்ல மாட்டார்!

அடுத்த படுக்கையில் கம்மாபுரத்து விவசாயி ஒருவர், கூடவே அவர் மனைவி. டாக்டர் வந்து, “நைட்டு தூங்குனீங்களா?” என்று கேட்டார். விவசாயி வாயைத் திறந்தார்.

“எங்க தூங்குனாரு? வெடிய வெடிய இருமலு. மாத்திரையக்கூட துப்பிட்டாரு. கேட்டா முழுங்கிட்டேம்பாரு, நம்பாதீங்க” என்றது அந்த அம்மா.

மனிதர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் வந்த பொறாமை இருக்கிறதே... சொல்லி மாளாது. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன். தனம் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

நம் வீடுகளில் வியாதி ஒருவருக்கு, அதைப் பேசுவது இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. பேசுகிறவர் முந்திக்கொண்டு போய்விட்டால், வியாதிக்காரர் வாயில்லாத ஜீவனாக நிற்கிறார். யாரும் இதை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

எண் மெல்ல இறங்கி மூன்றுக்கு வந்தது. குட்டி மாத்திரையை மறுபடி ஆரம்பித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆன்டிபயாடிக் ஓடும்வரை அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், முடிந்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். உங்களில் யாராவது இந்த மாத்திரைக்காரராக இருந்தால், காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். இனி நானே சொல்வது. ஊர் முழுக்கச் சொல்வது. தம்பட்டம்தான்!

முதலில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு நெஞ்சுல வால்வு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார். அக்கா எப்பவோ சொல்லி வச்சிருக்காங்க. இப்ப நடந்ததையும் கேள்விப்பட்டேன். நீங்க நம்ம கடைக்கு வந்திருந்தா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த மாத்திரைய குடுத்திருக்கவே மாட்டேன்.”

அடுத்து செல்வராசு சலூன். இவன் மேல் எனக்குப் பல வருஷக் கடுப்பு. மற்றவர்களுக்கெல்லாம் கன்னம் பளபளவென்று இருக்கும். எனக்கு மட்டும் அரைகுறை ஷேவிங். வீட்டுக்கு வந்து குறை சொன்னால் தனம், “அது போதும். பொண்ணு பாக்கவா போறீங்க?” என்பாள். கடையை மாற்றுகிறேன் என்றாலும் விடமாட்டாள்.

செல்வராசு சோப்பு தடவும்போதே சொல்லிவிட்டேன். “தம்பி, நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். பிளேடு பட்டா நிக்காது.”

அவன் கை நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

“அது தெரியாமயா சார் இத்தினி வருசமா ஷேவிங் பண்றேன்? அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்களே. ‘ஒட்ட எடுக்காத தம்பி, ஒரு கீறலு வுழக் கூடாது, அவரு திட்டுனா திட்டட்டும்’னாங்க. அதனாலதான் ஓரத்துல வுட்டுடுறது.”

சோப்பு நுரைக்குள் என் முகம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவள் போன பிறகு ஊருக்கு வந்த அந்த டாக்டர் ஒருவரிடம்தான் அவளால் சொல்ல முடியவில்லை. நான் சொல்வதற்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரே ஒரு ஆள். அவரிடமும் அவள் சொல்வாள் என்று காத்திருந்திருக்கிறேன்.

துண்டை உதறிவிட்டு செல்வராசு கண்ணாடியைக் காட்டினான். தாடை ஓரத்தில் வழக்கம்போல் நாலு நரைமுடி.

“இன்னும் கொஞ்சம் ஒட்ட எடுக்கட்டுமா சார்?”

“வேணாம்ப்பா” என்றேன். “அது போதும்.”