பொன்மணி பிடித்த கயிறு

சுப்புத்தாய்க்கு அதைச் சொன்னது மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒருத்தி. சுப்புத்தாய் அதை அப்படியே கொண்டுவந்து தாயில்பட்டிக் குழாயடியில் இறக்கினாள்.

"விருதுநகர்ல மரம் வெட்டப் போன எடத்துல, நம்ம சங்கிலிமுத்து பொண்டாட்டி கயித்த விட்டுட்டு ஓடிட்டாளாம். அவனுக்குத் தொடை எலும்பு தூள்தூளாம். வேணும்னேதான் விட்டாளாம்."

"எந்தத் தொடைன்னு கேட்டீகளாக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குடத்தோடு பொன்மணி நின்றிருந்தாள். "வீட்டுல ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

சுப்புத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏத்தா, நீ இங்கனதான் நிக்கியா? ஊரு சொன்னதச் சொன்னேன்."

குழாயடி சிரித்தது. பொன்மணியும் சிரித்தாள். ஆனால் வீடு வரும்வரை அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. கயிற்றை விட்டது உண்மை. ஓடியதும் உண்மை.

சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவன். அடுத்த அறை வெடித்த அன்று டீ குடிக்க வெளியே போயிருந்ததால் பிழைத்தான். அதன் பிறகு மரம் வெட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டான். வெட்டவெளியில் நிற்கிற மரத்தை யாரும் வெட்டலாம். கூரைமேல் சாய்ந்த கிளைக்குத்தான் ஆள் கிடையாது. அதைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். மேலே உறுதியான கிளைக் கவட்டையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைக் கிளையில் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் கீழே நின்று பிடிக்க வேண்டும். சுற்று இருந்தால் பாரத்தை மரம் வாங்கிக்கொள்ளும். மணல்மூட்டையைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டுத்தான் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று பொன்மணியும் கம்பெனி வேலையை விட்டாள்.

விருதுநகர் மிளகாய் வத்தல் குடோனில் கிளை முறிந்தபோது 'படார்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பது கம்பெனியில் சேர்ந்த அன்றே சொன்ன பாடம். கேட்டை எட்டிய பிறகுதான் அவளுக்குத் தான் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது உறைத்தது. குடோனின் கூரை ஓடு நொறுங்கிக் கிடந்தது. சங்கிலிமுத்து முன்கைத் தோல் உரிந்து இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் புள்ள ஓடுன?"

"நான் ஓடல மாமா. காலு ஓடுச்சு."

அவன் முன்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

மறுநாளிலிருந்து அவள் மணல்மூட்டையைப் பிடித்து நிற்க, அவன் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து காய்ந்த கம்புகளை ஒடித்தான். முதல் கம்புக்கே மூட்டை தரையில் விழுந்தது. அவள் தெருவில் நின்றாள்.

"வெறகு ஒடிச்சதுக்கே இந்த ஓட்டம்னா, தீவாளிக்கு மதுரை போயிருவ போல!"

"தீவாளி வெடி தெருவுல வெடிக்கும். இது உச்சந்தலையில வெடிக்கிற மாதிரில்லா இருக்கு."

"சரி, மறுபடி புடி."

ஓடினால் பிழைக்கலாம் என்று வருசக்கணக்காகப் படித்த உடம்பு அது. ஓடினால் இன்னொரு ஆள் செத்துப்போவான் என்று அதற்கு எப்படிச் சொல்வது? காதுக்குச் சொன்னால் காலுக்குக் கேட்பதில்லை.

அடுத்த வேலை சிவகாசியில், சங்கரலிங்கத்தின் அச்சகத்தில் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் வாகை மரம் சாய்ந்திருந்தது. இதிலும் பிசகினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். திரும்ப மருந்து அறைதான் என்பது இருவருக்கும் தெரியும்.

சங்கரலிங்கம் பொன்மணியை ஏற இறங்கப் பார்த்தார். "கேள்விப்பட்டேன். இந்தம்மாதான் கயிறு புடிக்கப் போறாகளா?"

"ஆமாண்ணாச்சி. மேல ஏறுறது நான். எனக்கே இல்லாத பயமா ஒங்களுக்கு?" என்றபடியே சங்கிலிமுத்து ஏறிவிட்டான்.

சின்னக் கிளைகள் சாதுவாக இறங்கின. கடைசியில் பெரிய கிளை. ரம்பம் பாதி போனது, முக்கால் போனது.

படார்.

பொன்மணியின் வலது கால் தானாகக் கேட்டைப் பார்த்துத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை. கயிறு அடிமரத்தில் இறுகி முனகியது. கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் கிளை ஆடி ஆடி நின்றது.

"அப்படித்தான் புள்ள! மெதுவா விடு, மெதுவா."

அப்போதுதான் போன் அடித்தது. கிளைக்கு அந்தப் பக்கம், வேலிக்கம்பியில் மாட்டியிருந்த மஞ்சப்பையிலிருந்து. கிளை இறங்கும்வரை அங்கே யாரும் போகக்கூடாது. அவள் தம்பி பாலகுரு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலையில் இருக்கிறான். கம்பெனியில் இந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான். வேலை நேரத்துப் போன் என்றால் கம்பெனியில் வெடி விபத்து என்றுதான் இந்தப் பக்கத்துப் பெண்கள் நினைப்பார்கள். சும்மா ராங் நம்பராகவும் இருக்கலாம்.

"போன் அடிக்குதும்மா," என்றார் சங்கரலிங்கம், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேக்குது அண்ணாச்சி."

ஒரு சாண் கயிறு விட்டாள். நிறுத்தினாள். இன்னொரு சாண். போன் ஓய்ந்தது. கிளை கூரையோரத்தைத் தாண்டும்போது மறுபடி அடிக்கத் தொடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே பொன்மணி அடுத்த சாண் கயிற்றை இறக்கினாள்.