ஏழு வருட வரம்பு

ராணுவத்துக்குச் சாமான் வாங்கும் அலுவலகத்தில் அவருக்கு ‘பாடப் பெட்டி’ என்று பட்டப்பெயர். எந்தக் கொள்முதலில் எது சறுக்கியது, அடுத்தவர் எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் சேர்த்து, ஒரு சொல்லைத் தட்டினால் வந்து விழும்படி செய்தவர் அவர்தான். பாடம் எழுதாமல் யாரும் கோப்பை மூட முடியாது. ‘பாடம் எதுவும் இல்லை’ என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தவர்களை விடாக்கண்டனாக மேசை மேசையாகப் போய் நச்சரித்தார்.

பழைய கோப்புகளில் கடைசி ஏழு வருடத்தை மட்டும் ஏற்றினால் போதும் என்று வரம்பு வைத்தவரும் அவரே. அதற்கு முந்தின, எட்டாவது வருடத்துக் கோப்பில் அவர் வாங்கிய கூடாரங்கள் இருந்தன. புதுத் துணியில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது ஒரு சொட்டு இறங்கவில்லை. கிடங்கில் ஆறு மாதம் மடித்துக் கிடந்த பிறகு மடிப்புக்கு மடிப்பு ஒழுகியது. காதும் காதும் வைத்தாற்போல் அவற்றைப் பயிற்சி முகாமுக்குத் தள்ளிவிட்டு, மூச்சே விடவில்லை மனிதர். அந்த ஏற்பாட்டுக்காக விருது கொடுத்த அன்று, கைதட்டலில் அவர் தலை நிமிரவில்லை. எவ்வளவு அடக்கம் என்று மெச்சினார்கள்.

இப்போது அதே தப்பைப் பக்கத்து மேசைப் பெண் அதிகாரி செய்துவிட்டாள். அவளும் புதுத் துணியைத்தான் சோதித்தாள். மலை முகாமில் நானூறு பேர் மழையில் நனைந்தார்கள். பதவியிறக்கம் நிச்சயம் என்று பேச்சு.

“என்ன, சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் மனைவி, அன்று இரவு.

இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளிடம் கூடாரக் கதையைச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்தப் பொண்ணு உங்களை நம்பித்தானே வாங்கியிருக்கும்?” என்றாள்.

மறுநாள் விசாரணை அறையில், அவரும் உட்கார்ந்திருக்க, இயக்குநர் அந்தப் பெண்ணைக் கேட்டார். “இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?”

“இல்ல சார். வாங்கறதுக்கு முன்னாடியே தேடிப் பார்த்தேன். சார் பண்ணின ஏற்பாட்டுல இல்லன்னா, எங்கேயும் நடக்கலைன்னுதானே அர்த்தம்.”

குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பார். அவள் மனசாரச் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் எழுந்தார்.

“நடந்திருக்கு சார். நான் வாங்கினதுலதான். அந்தக் கோப்பு உள்ளே வந்துடக் கூடாதுன்னுதான் ஏழு வருஷத்தோட நிறுத்தினேன்.”

அவள் முன்னால் விளக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ‘என் கவனக்குறைவே காரணம்’ என்ற வரியை நிதானமாகக் கோடு போட்டு அடித்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலே, தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.