பல்லக்கா வைத்த சுவிட்ச்

கடைத்தெருவில் செல்போன், ரேடியோ, டிவி என்று எதை ரிப்பேர் செய்கிறவரிடம் போனாலும் சரி, சிப்பின் ஓரத்துக் கம்பிக்கால் வெட்டுப்பட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “பல்லக்காகிட்ட கொண்டு போங்க.”

பல்லக்காவுக்குப் பல்லில் ஒரு குறையும் கிடையாது. வரிசையாக, அழகாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொய்ப்பல் செய்யும் கூடமொன்றில் வேலை பார்த்தவர், அவ்வளவுதான். கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றியபோது, “யாரோ கடிச்சுத் திங்கறதுக்கு நான் தினமும் ரெண்டு பஸ் மாறணுமா?” என்று கேட்டுவிட்டு வேலையை விட்டார். பல்லை அரைக்கும் சின்ன மெஷின் ஒன்று மட்டும் கூடவே வந்தது. கணவரின் தையல் கடையில் பாதியை வளைத்துப் போட்டு, பழைய வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் செய்ய உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நூல்கண்டு, அந்தப் பக்கம் பற்றவைக்கிற ஈயம். நடுவில் ஒரு திரைச்சீலை. துணிப் பிசிறு பறந்து வந்தால் தையல்காரருக்கு அர்ச்சனை நடக்கும்.

அந்தக் கடைக்குத்தான் லிப்ட் மெக்கானிக் ஒருவன் ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டில் அவனுக்குப் பெயர் அவசரக்குடுக்கை. வைத்த பெயர் பிசகவில்லை.

அவனுடைய அண்ணன் பஸ் ஓட்டுநர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிறகு கொஞ்சம் உயிர் வந்தும் கரண்டி பிடிக்கமாட்டார், பந்தை அமுக்கமாட்டார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் நர்சம்மா கெஞ்சிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பரணிலிருந்து பழைய கேம் பெட்டியை எடுத்து கார் ரேஸைப் போட்டதும் வலது கட்டைவிரல் தானாக ஆக்சிலேட்டர் பட்டனைத் தேடியது. “எது பிடிக்குதோ அதையே செய்யட்டும். சும்மா விட்டா கை இறுகிப் போயிடும்” என்றார் நர்சம்மா.

ஆனால் கார் பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதியது. வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறிய ஆரம்பித்தார். அப்போதுதான் தம்பிக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அந்த மாடலில் ஒரு சிப்பின் ஒரு காலை போர்டிலிருந்து கழற்றித் தூக்கி, அதற்கு ஒரு சுவிட்ச் வைத்தால் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். நல்ல எண்ணம்தான். எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஈயத்தை உருக்கிப் பக்குவமாகக் காலைத் தூக்க வேண்டிய இடத்தில் கட்டரை எடுத்தான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! ஒட்ட வெட்டினான். அதுவும் தப்பான காலை.

டிவி திரை இருண்டது. அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். வலது கையை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். நர்சம்மாவைக்கூடத் தொட விடவில்லை. “அசைஞ்சுக்கிட்டிருந்த ஒரு விரலும் போச்சு. உங்களுக்குக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா தம்பி?” என்று அண்ணி கேட்டதில் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மாடல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். அதில் இருந்த பட்டன்களைப் பார்த்துவிட்டு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்லக்கா போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

“யார் வெட்டினது?”

“தெரிஞ்ச பையன் ஒருத்தன்க்கா. கொஞ்சம் விவரம் பத்தாதவன்.”

“அந்தப் பையன் லிப்ட் கம்பெனியிலயா வேலை பாக்குறான்?”

அவன் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தான். கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தையல்காரர் இருமுவதுபோலச் சிரித்தார்.

“சிப்புமேல ரெண்டு புள்ளி இருக்கே, எதுல இருந்து எண்ணினீங்க?”

“பெருசுல இருந்து.”

“பெருசு அச்சுல வார்க்கும்போது விழுற தழும்பு. சின்னதுதான் கணக்கு. சரி, ஒண்ணு தப்பு. ரெண்டாவதை ஏன் வெட்டினீங்க?”

“தப்புன்னு தெரிஞ்சதும்... சரியானதையும் வெட்டிட்டேன்க்கா.”

பல்லக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவன் அண்ணனைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். துண்டு போட்டு மூடிய கையையும் சொன்னான். பல்லக்கா கிண்டலை நிறுத்தினார்.

“கால் போயிடலை தம்பி. வெளிய இருந்ததுதான் போச்சு, மிச்சம் உள்ள இருக்கு. ஓரத்துல இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை அரைச்சா தட்டுப்படும். ஆனா கொஞ்சம் கூடுதலா உள்ள போனேன்னு வையுங்க, முடியைவிட மெல்லிசா ஒரு கம்பி இருக்கு, அது அறுந்துடும். அறுந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பண்ணட்டா?”

“பண்ணுங்கக்கா.”

“என்னங்க, நிறுத்துங்க” என்றார் பல்லக்கா, திரையைப் பார்த்து.

தையல் மெஷின் நின்றது. பாதித் தையலில் கால்சட்டை அப்படியே கிடந்தது. பிறகு மின்விசிறியும் நின்றது. எதற்கு என்று லிப்ட் மெக்கானிக்குக்குப் புரியவில்லை. அரைக்கும் மெஷின் மெல்ல முனகத் தொடங்கியதும்தான் புரிந்தது: பல்லக்கா கண்ணால் மட்டும் வேலை செய்யவில்லை, காதாலும் செய்தார். பிளாஸ்டிக்கில் மெஷினுக்கு ஒரு குரல், உலோகத்தைத் தொட்டால் வேறு குரல். தொட்ட அதே நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். பொய்ப்பல்லில் கம்பி பதித்துப் பழகிய காது அது. தையலுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே வாயைத் திறந்தார். தையல்காரர் உதட்டில் விரலை வைக்க, அந்த மனிதர் என்ன ஏதென்று தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குரல் மாறியது. கை எழும்பியது. கறுப்புக்கு நடுவே கடுகில் பாதியளவு பளபளப்பு.

இரண்டாவது கால் வம்பு பண்ணியது. அவசரக்குடுக்கை அதை வெட்டுவதற்கு முன் திருகியும் பார்த்திருந்தான். அங்கே பிளாஸ்டிக்கில் விரிசல். பல்லக்கா மெஷினைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கைவிட்டுவிட்டார் என்றே அவன் நினைத்தான். திரும்பி வந்து உட்கார்ந்தவர் மெஷினைத் தொடவில்லை. ஒரு பிளேடை எடுத்து, தூசு தூசாகச் சுரண்ட ஆரம்பித்தார். மெஷினின் அதிர்வை அந்த விரிசல் தாங்காது. இப்படி ஒரு பொறுமையை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. லிப்ட் கயிற்றில் தொங்கியபோதுகூடக் கை வேர்க்காதவனுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடி சட்டை நனைந்துவிட்டது.

தப்பாக வெட்டிய காலுக்கு ஒரு மெல்லிய கம்பியை வைத்து போர்டோடு சேர்த்தார். மற்றதிலிருந்து ஒரு கம்பியைச் சுவிட்சுக்கு இழுத்தார். இரண்டின்மேலும் ஒரு சொட்டுப் பசை. மின்சாரம் கொடுத்ததும் கடை டிவியில் கார் வந்து நின்றது. லிப்ட் மெக்கானிக் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சுவிட்சை இடது பக்கமா வையுங்கக்கா. அண்ணனுக்கு அந்தக் கைதான் ஓடுது.”

“சரி, போய் டீ குடிச்சிட்டு வாங்க. நின்னு என் உயிரை வாங்காதீங்க.”

குடித்துவிட்டு வந்தபோது பெட்டி மூடியிருந்தது. சுவிட்ச் வலது பக்கத்தில் இருந்தது! தொட்டுப் பார்த்தான். சின்னக் குமிழ், இரண்டு விரலால் பிடித்துத் தள்ளினால்தான் நகரும்.

“நான் இடது பக்கம்னு சொன்னேனேக்கா?”

“கேட்டுச்சு.”

“இறுக்கமா வேற இருக்கு.”

“ஆமா” என்று அடுத்த பெட்டியைத் திறந்தார் பல்லக்கா.

சுள்ளென்று கோபம் வந்தது அவனுக்கு. பெட்டிக்கு உயிர் கொடுத்தவரிடம் சண்டை போட மனமில்லாமல், உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறவருக்கு இடது எது, வலது எது என்றா தெரியாது?

அண்ணனின் நாற்காலிக்கு வலப்பக்கம் ஸ்டூலில் பெட்டியை வைத்தான். வேறு இடமில்லை, இடப்பக்கம் சுவர். வேகத்தைக் குறைத்து வைத்து ஜாய்ஸ்டிக்கை நீட்டினான். அண்ணன் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு துண்டு விலகியது.

கார் புறப்பட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எதிலும் மோதவில்லை. ஒரு சுற்று முழுசாக முடிந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் முகம் மட்டும் மலரவில்லை. “என்னடா இது...” என்றார் குழறலாக. “தள்ளுவண்டி மாதிரி.”

“வேகம் வேணுமாண்ணே? சுவிட்ச் இருக்கு, இரு, நான்...”

“உக்காரு! நீ கை வச்சது போதும்.”

இடது கையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. வலது கை அதைவிட்டு இறங்கி, ஸ்டூலின் விளிம்பைத் தடவிக்கொண்டு பெட்டிவரை போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குமிழைப் பிடித்தன. வழுக்கியது. மறுபடி பிடித்தன. மறுபடி வழுக்கியது. எழப்போன தம்பியை அண்ணி தோளைப் பிடித்து அமுக்கினார். கரண்டியைப் பிடிக்காத விரல்கள், பந்தை அமுக்காத விரல்கள், குமிழைக் கவ்வித் தள்ளின. டக்கென்றது. கார் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அண்ணன் ஒரு பக்க வாயால் சிரித்தார். அதே கையால் வேகத்தைக் குறைக்க மறுபடி குமிழைத் தேடினார்.

லிப்ட் மெக்கானிக் வாசலுக்கு ஓடிவந்து போன் போட்டான்.

“அக்கா, அண்ணன் சுவிட்ச் போட்டாருக்கா. அவரே...”

போனில் பின்னணியில் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “என்னங்க, நிறுத்துங்க” என்ற குரல் கேட்டது. மெஷின் நின்றது.

“எந்தக் கையால தம்பி?”

“வலது கைதான்க்கா.”

அந்தப் பக்கம் மின்விசிறியின் இரைச்சலும் நின்றது.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார் பல்லக்கா.