ஊருக்குன்னு வைத்த சேலைகள்

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. கொடி ஒன்று. அதில் காயும் பனியன் எல்லாம் ஒரே பனியன். பனியன் கம்பெனியில் ஒரு ஆர்டரில் கழிந்தது எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். இப்போது மஞ்சள் பனியன், நெஞ்சில் வாத்துப் படம், கீழே என்னமோ வெளிநாட்டு எழுத்து. எது யாருடையது என்று தெரியாது. ஓட்டப்பிடாரம் பக்கம் எங்கள் ஊரில் தெருமுனையில் நின்றே கொடியில் கிடப்பது யார் சேலை என்று சொல்லிவிடலாம். திருப்பூருக்கு வந்த புதுசில் பக்கத்து வீட்டு அண்ணன் பனியனைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். அந்த அண்ணன் இவர் பனியனில் போயிருந்தார். சாயங்காலம் வரை இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தேன். இப்போது லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "திங்கக்கெழமையிலிருந்து லைனை நீங்க பாக்கோணுங்க. அந்தச் சட்டை மட்டும் வேண்டாமுங்க." பஞ்சு ஒட்டாமல் இருக்கச் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போடுவோம். அதைச் சொன்னார். சரி என்று ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தேன். கதவு சாத்த முடியாது, எலாஸ்டிக் போட்டுக் கட்டியிருந்தோம். அவிழ்த்ததும் எல்லாம் காலில் விழுந்தது. வாசலில் பாய் விரித்துப் பிரித்தேன். ஒரு பக்கம் கம்பெனிக்கு. காலர் போனது, பட்டன் போனது, மெஷின் எண்ணெய் பட்டது. இன்னொரு பக்கம் ஊருக்கு. பொங்கலுக்கு ஒன்று, அம்மன் கோயில் கொடைக்கு ஒன்று என்று எடுத்த சேலைகள். மடிப்புக்கூடக் கலையவில்லை. வருஷம் முழுக்க உடுத்துவது கந்தல், நாலு நாள் உடுத்துவது நல்லது. கழித்துவிடலாம் என்று கம்பெனித் துணியை மூட்டையாகக் கட்டினேன்.

முன் வீட்டிலிருந்து வீட்டு ஓனரக்கா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கண்ணு, எல்லாம் எடுத்துக் கட்டறீங்களாட்ட இருக்குது?"

"ஆமாக்கா. இன்னைக்கோட முடிச்சிரணும்."

"செரிங் கண்ணு. எங்க இருந்தாலும் நல்லா இருங்க." கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். துணி ஒதுக்குவதற்கு இவ்வளவு ஆசீர்வாதமா என்று நினைத்தேன்.

சோறு வடிக்கும்போது திரும்ப வந்தார். கூட ஒரு பீகார்ப் பையன், புதுப் பெண்டாட்டி. நேரே உள்ளே கூட்டி வந்து, "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று குழாயைக் காட்டினார். அந்தப் பெண்பிள்ளை என் அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

"அக்கா, நாங்க எங்க போறோம்?"

"ஏனுங், வருசா வருசம் பொங்கலோட ஊருக்குப் போயிருவோம்னு நீங்கதானுங்க சொல்றீங்க? இன்னிக்கு மூட்டையும் கட்டிப்போட்டீங்க. நான் இவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டனே! போறீங்களா, இருக்கறீங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க."

பொய் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் சொன்னோம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அதுவும் எங்கேயோ அடுப்பை விட்டுவிட்டு வந்ததுதான். ஆனால் இந்த அடுப்பு என்னுடையது.

"போகலக்கா. இங்கதான் இருக்கோம்."

வாய் விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏளா, அப்ப உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிரு. எனக்குப் பயமா இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் தேங்காய் போட்டு வைக்கும் ரூமை அந்தப் பிள்ளைகளுக்கு ஒழித்துத் தருவதாகச் சொன்னார். நாங்களும் போய்த் தேங்காய் எடுத்துப் போட்டோம். அந்தப் பிள்ளைக்கு என் சட்டைகளில் நல்லதாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன். உடனே போட்டுப் பார்த்தது. சட்டைக் கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. மடித்துவிட்டேன். மீதியை மெஷின் துடைக்கக் கம்பெனிக்கு எடுத்து வைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கேயே இருக்கப் போகிறோம், ஊர்ச் சேலையை இனி வேலைக்கு உடுத்தப் போகிறேன் என்றேன். "அப்ப கொடைக்கு என்னத்த உடுத்துவ?" என்று கேட்டாள். கொடைக்கு வருவேனா என்று அவள் கேட்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை, போன வருஷக் கொடைக்கு எடுத்த நீலச் சேலையில் போனேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் என் கையைப் பார்த்தார். "ஊருக்கா அம்மணி? பையி எங்கீங்?"

"வேலைக்குண்ணே."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முந்தானையைப் பார்த்தேன். அந்துருண்டை வாசம் அப்படியே இருந்தது. அதன் மேலெல்லாம் கம்பெனிப் பஞ்சு. தட்டினேன். கொஞ்சம் போனது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.